பழைய கம்ப்யூட்டரும் காலி ஸ்லாட்டும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல் ப்ராசஸர் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். இவை இல்லாத, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் திடீரென்று ‘பழசு’ ஆகிவிட்டன. மின்கழிவு விதிகள் இருப்பதால் அவற்றைக் கண்ட இடத்தில் கொட்டவும் முடியாது. இந்த மாதிரி நேரத்தில்தான் கம்பெனிகளுக்குச் சேரிப் பிள்ளைகளின் ஞாபகம் வருகிறது.

திண்டிவனம் பக்கம் நாங்கள் நடத்தும் இரவுப் பள்ளிக்கும் அப்படி ஒன்பது கம்ப்யூட்டர்கள் வந்தன. கொண்டுவந்தவர் வேனிலிருந்து இறக்கும் முன்பே பேனரைக் கட்டி, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். “கொஞ்சம் சிரிங்கப்பா” என்றார். சிரித்தார்கள். ஒன்பதில் ஏழுதான் ஓடின. ஓடின என்றால், சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் திரை வந்திருக்கும்.

பழசைக் கொடுப்பது இந்த மண்ணில் புதிய பழக்கம் இல்லை. சட்டமாகவே எழுதி வைத்த பழக்கம் அது. சூத்திர வேலைக்காரருக்கு எச்சில் சோறும், கிழிந்த துணியும், பதரும், பழைய தட்டுமுட்டுச் சாமானும் கொடு என்கிறது மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம். சண்டாளர் என்று அது ஒதுக்கி வைத்தவர்களுக்கோ பிணத்தின் துணி, உடைந்த பாத்திரம். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் பாபாசாகேப் தலைமையில் நெருப்பில் போட்டது இந்த நூலைத்தான். அதனால் வேன் போன பிறகு எங்களோடு வேலை செய்யும் தோழர் ஒருவர் கொதித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. “அவங்க தூக்கிப் போட்டத நாம ஏன் எடுக்கணும்? திருப்பி அனுப்புங்க தோழர்.”

அவர் கோபம் நியாயம். ஆனால் நான் அனுப்பவில்லை. 2017-18-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் நூறு வீட்டுக்கு நான்கு வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. அந்த நான்கில் சேரி வீடு எத்தனை இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருப்பி அனுப்பினால் நம் மானம் ஒரு நாள் நிமிர்ந்து நிற்கும். மறுநாள் பிள்ளைகள் ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் போட ஊர்த்தெருவில் உள்ள பிரவுசிங் சென்டர் வாசலில் போய் நிற்பார்கள். அங்கே நிற்பதில் என்ன மானக்கேடு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த ஏழு பெட்டிகளையும் ஊரில் உள்ள ஒரு சர்வீஸ் கடைக்காரரிடம் காட்டினேன். “எல்லாம் குப்பை மேடம், புதுசு வாங்கிடுங்க” என்றார். பணம் இல்லை என்றதும், “அப்ப விடுங்க, உங்க பசங்களுக்கு இது போதும்” என்றார். ஒரே மூச்சில் இரண்டும். குப்பையும் அதுவே, நமக்குப் போதுமானதும் அதுவே. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வரவே இல்லை.

நாங்கள் திறந்தோம். இரவுப் பள்ளியில் படித்து, ஐடிஐ முடித்து இப்போது எங்களுக்கே சொல்லித்தரும் தம்பி ஒருவன் இருக்கிறான். ஒரு கம்ப்யூட்டரில் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் திரையைத் திறந்தான். “பாருங்கக்கா, ப்ராசஸர் சும்மா உக்காந்திருக்கு. டிஸ்க்தான் மூச்சு வாங்குது.” ஐ3 இரண்டாம் தலைமுறை ப்ராசஸர் பத்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை, ஹார்ட் டிஸ்க் நூறில் நின்றது. சமூகவியல் படித்தவளுக்கு இந்த இடத்தில் ஓர் உவமை நாக்கு நுனிவரை வரும். விட்டுவிடுகிறேன்.

விஷயம் எளிது. பழைய ஹார்ட் டிஸ்க் என்பது சுற்றும் தட்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று. கேட்ட தகவல் இருக்கும் இடத்துக்கு ஒரு முள் நகர்ந்து போய், தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்துதான் படிக்கும். ஒவ்வொரு தடவைக்கும் பத்து மில்லி செகண்டுக்குக் குறையாது. ஒரு பிரவுசரைத் திறக்க இப்படி ஆயிரக்கணக்கான தடவை முள் அலைய வேண்டும். எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை, எல்லாம் சில்லு. ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் வந்துவிடும். ரேம் குறைவாக இருக்கும் கம்ப்யூட்டர் நினைவு போதாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும் என்பதால், நம்முடையது போன்ற பழைய பெட்டியில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் என் கல்லூரித் தோழி ஆறு எஸ்எஸ்டி கொடுத்தாள். லேப்டாப்புகளில் பெரியது மாற்றும்போது கழற்றிய 256 ஜிபி துண்டுகள். சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கும், எம்.2 என்று பெயர். நம் பழைய போர்டுகளில் எம்.2 துண்டைச் செருக இடமே கிடையாது. இங்கேதான் காலி ஸ்லாட் கதைக்குள் வருகிறது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் போடமாட்டார்கள். அதனால் மதர்போர்டில் இருக்கிற மிக வேகமான இடம், அந்த நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட், பத்து வருடமாகத் தூசி பிடித்துச் சும்மா கிடக்கும். அதில் செருகுகிற மாதிரி ஒரு சின்ன அடாப்டர் கார்டு கிடைக்கிறது. எம்.2 துண்டை அதில் திருகி, கார்டை ஸ்லாட்டில் அழுத்தினால் போதும். நான்கு பாதை வேண்டிய கார்டு பதினாறு பாதை ஸ்லாட்டில் தாராளமாக உட்காரும், மிச்சம் சும்மா இருக்கும். எங்கள் போர்டுகள் இன்டெல் எச்61 வகை. இந்த ப்ராசஸரோடு அவற்றில் வருவது பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0. ஒரு பாதைக்கு செகண்டுக்கு 500 எம்பி, நான்கு பாதைக்கு 2000 எம்பி வரை. அதே போர்டில் ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் 300 எம்பியோடு நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் குட்டி எக்ஸ்1 ஸ்லாட்டின் பின்பக்கம் பெரும்பாலும் மூடியிருக்கும், நான்கு பாதை கார்டு அதில் நுழையாது. இன்னும் பழைய போர்டுகளில் வெள்ளை நிறத்தில் நீளமாக இருப்பது வெறும் பிசிஐ. எல்லாக் கார்டும் சேர்ந்தே 133 எம்பிதான். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று அதற்குக் கார்டு தேட வேண்டாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடாப்டர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தன. போகும் முன் கேபினெட்டை அளந்துகொண்டு போங்கள். எங்கள் ஏழில் மூன்று ஒல்லி கேபினெட். அதற்குக் கார்டோடு வரும் தகடு குட்டையாக இருக்க வேண்டும். இரண்டு அளவுத் தகடும் சேர்த்தே தரும் கார்டாகப் பார்த்து வாங்கினோம்.

இன்னொன்று, எம்.2 துண்டு எல்லாம் ஒரே சாதி இல்லை. (மன்னியுங்கள், பழக்க தோஷம்.) தொடும் முனையில் ஒரே ஒரு வெட்டு வலப்பக்கம் தள்ளி இருந்தால் அது பெரும்பாலும் என்விஎம்இ வகை, இந்த அடாப்டரில் வேலை செய்யும். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா வகை. அது செருகினால் உட்காரும், ஆனால் கம்ப்யூட்டர் கண்ணுக்கே தெரியாது. லேபிளைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். தோழி கொடுத்த ஆறில் ஒன்று அப்படி இருந்தது. அதை வேறொரு சின்னக் கூட்டில் போட்டு, சாதாரண சாட்டா வயரில் மாட்டினோம். ஏழாவதற்குக் கடையில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கினோம்.

இதையெல்லாம் செய்தது யார் என்பதுதான் நான் எழுத வந்த விஷயம். ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து நல்ல மார்க் வாங்கிய பெண் ஒருத்தி வருகிறாள். அப்பா பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர். முதல் நாள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்தபோது அவள் கேட்டது: “நான் தொட்டா கெட்டுப் போயிடாதாக்கா?” இரண்டு வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். அவள் படித்த பள்ளியில் லேப் பூட்டியே இருக்குமாம். திறக்கும் நாளில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஆறு பேர். கீபோர்டு முன்னால் யார் உட்காருவார்கள், யார் பின்னால் நின்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள் என்பது யாரும் சொல்லாமலே முடிவாகியிருக்கும். “தொடாதீங்க, தொடாதீங்கன்னுதான் சார் சொல்வாரு.” அந்தச் சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

கழிவை அள்ளும் வேலைக்கு நம் கை வேண்டும். விலையுள்ள பொருள் மேல் மட்டும் நம் கை படக்கூடாது. நான் எம்.ஏ.வில் தீட்டு பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். ஒரு பிள்ளை ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கத் தயங்குவதில் அது எப்படி உட்கார்ந்திருக்கும் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

அதனால் ஒரு விதி வைத்தோம். தம்பியும் நானும் தொடமாட்டோம். சொல்லுவோம், பிள்ளைகள் செய்வார்கள். கரண்டு வயரைப் பிடுங்கு. பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்று. கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுப் பிறகு போர்டைத் தொடு. அந்தப் பெண் முதல் கார்டை வைத்து அழுத்தியபோது பாதிதான் இறங்கியது. பயத்தில் கையை எடுத்துவிட்டாள். “இன்னும் அழுத்தலாம்மா, உடையாது” என்று தம்பி சொன்னான். இரண்டாம் தடவை முழுதாக இறங்கியது. மூன்றாவது பெட்டிக்கு வரும்போது அவள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை அதட்டிக்கொண்டிருந்தாள்: “டேய், மொதல்ல இரும்பத் தொடு!”

செருகியவுடன் எல்லாம் முடிந்துவிடாது. 2014-க்கு முன் வந்த போர்டுகளில் பெரும்பாலானவற்றின் பயாஸுக்கு என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. அந்தத் துண்டிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்ப முடியாது. கடைக்காரர்கள் “இது சப்போர்ட் பண்ணாது மேடம்” என்று சொல்வது இதைத்தான். பாதி உண்மை. பயாஸுக்குத் தெரியாவிட்டாலும் லினக்ஸுக்குத் தெரியும். 2012-இல் வந்த கெர்னல் 3.3 முதலே அதில் என்விஎம்இ டிரைவர் இருக்கிறது. எனவே லினக்ஸை நிறுவும்போது ‘பூட்’ பகுதியை மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஜிபி ஒதுக்கி வைத்தோம், மற்ற எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் போட்டோம். பயாஸ் தனக்குத் தெரிந்த டிஸ்க்கில் தொடங்கும். சில நொடியில் கெர்னல் எழுந்து எஸ்எஸ்டியைக் கண்டுபிடித்து அங்கே குடியேறிவிடும். பென்டிரைவிலும் பூட் பகுதியை வைக்கலாம், ஆனால் எங்கள் இடத்தில் பென்டிரைவ் ஒரு வாரம் தங்காது. யாராவது படம் ஏற்ற எடுத்துப் போய்விடுவார்கள். ஹார்ட் டிஸ்க்கில் மிச்சம் இருக்கும் இடம் பிள்ளைகளின் பாடங்களுக்கும் வீடியோக்களுக்கும் ஆயிற்று.

இந்தச் சுற்றுவழி வேண்டாம் என்பவர்கள் சாட்டா எஸ்எஸ்டியே வாங்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்குவதானால் நான் அதைத்தான் சொல்வேன். 2000 எம்பி, 300 எம்பி என்ற கணக்கெல்லாம் பெரிய வீடியோவை நகல் எடுக்கும்போதுதான் தெரியும். அப்ளிகேஷன் நிரப்புகிற பிள்ளைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முள் அலைவது நின்றதுதான் பெரிய விஷயம். நாங்கள் ஸ்லாட் வழியாகப் போனது எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது எம்.2 துண்டு என்பதால். கிடைத்ததை வைத்து என்ன செய்ய முடியும் என்று பார்ப்பது நம் வீடுகளில் அம்மாக்கள் தினமும் செய்கிற வேலைதானே.

சாட்டா வகையில் ஓடும் இரண்டில் விண்டோஸையும் வைத்திருக்கிறோம், நெட் இணைப்பு இல்லாமல். வேலைக்குப் போகிற இடத்தில் வேர்டும் எக்ஸெலும்தான் கேட்பார்கள். நம் பிள்ளைகள் கொள்கைக்காக அந்த வேலையை இழக்க வேண்டியதில்லை. மற்ற ஐந்திலும் லினக்ஸ், தமிழ்99 விசைப்பலகை.

கணக்குப் போட்டால் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய தொல்லையைத் தீர்த்தது எஸ்எஸ்டிகூட இல்லை, மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. அது செத்துப்போனால் ஒவ்வொரு தடவை கரண்டு போய் வரும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் எதுவும் திறக்காது. அரசுத் தளமும் வங்கித் தளமும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று துரத்தும். சிஆர்2032 என்று கேட்டால் பெட்டிக்கடை மாதிரி இடத்தில்கூடக் கொடுப்பார்கள்.

இப்போது பிரவுசிங் சென்டருக்கு வருகிறேன். மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளில் பலர் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, எல்லாம் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஓடிபி வரும், அதற்குள் பக்கம் திறக்காவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான்கு நிமிடம் எழுந்திருக்கிற கம்ப்யூட்டரில் இதைச் செய்ய முடியாது. அதனால் ஊர்த்தெருக் கடை. அங்கே ஸ்கேன் செய்யக் கொடுத்த சாதிச் சான்றை எடுத்து, கடையில் நிற்கும் நாலு பேருக்கும் கேட்கும்படி, “ஓ, நீங்க அந்தப் பக்கமா?” என்று கேட்டதைப் போன வருடம் ஒரு பையன் வந்து சொன்னான். பாஸ்வேர்டையும் அவரே போட்டு அவரே வைத்துக்கொண்டார். அப்ளிகேஷன் நிலையைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் அங்கேதான் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் காசு. பெண் பிள்ளைகளின் போன் நம்பர் அந்தக் கடையின் நோட்டில் கிடக்கிறது. இதைத்தான் மானக்கேடு என்றேன்.

இந்த வருடம் அப்ளிகேஷன்கள் எங்கள் அறையில் போனது. ஸ்காலர்ஷிப் வந்துவிட்டதா என்றால், சிலருக்கு வந்திருக்கிறது, சிலருக்கு வழக்கம்போல இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை எந்த எஸ்எஸ்டியும் வேகப்படுத்தாது. அதற்கு ஆபீஸ் ஆபீஸாக நடக்கும் வேலை எனக்கு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ்வேர்டு பிள்ளைகளிடம் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கும் வந்து நிலையைப் பார்த்துவிட்டு, எனக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் ஆபீஸில் “பதிவே ஆகல” என்று யாரும் கதை சொல்ல முடிவதில்லை.

திருப்பி அனுப்பச் சொன்ன தோழர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வேன் வந்தால் போட்டோவுக்குப் பிள்ளைகளை நிறுத்தக்கூடாது, முதலில் மாடல் நம்பர் பட்டியல் வாங்க வேண்டும் என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டோம். கொடுப்பவர்களிடம் கேட்க வேண்டியதைப் பிள்ளைகளும் சேர்த்தார்கள்: ஒல்லி கேபினெட்டா பெரியதா, எக்ஸ்16 ஸ்லாட் காலியா, ரேம் எவ்வளவு.

ஓடாத இரண்டும் கோர் 2 டுவோ காலத்துப் பெட்டிகள். ஒன்றின் பவர் சப்ளையை மாற்றி எழுப்ப முடியுமா என்று தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னொன்றின் மதர்போர்டு செத்தேவிட்டது. அதைக் கழற்றித் துடைத்துச் சுவரில் மாட்டி, எந்த இடம் எது என்று சின்னப் பிள்ளைகளைத் தமிழில் சீட்டு எழுதி ஒட்டச் சொன்னோம். நீள ஸ்லாட்டில் ‘எக்ஸ்16 – இங்கதான் வேகம்’. வெள்ளை ஸ்லாட் இரண்டிலும் ‘பிசிஐ – வேண்டாம்’. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் ஓரத்தில் இருக்கும் இரும்புத் தகட்டில் தானாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: ‘மொதல்ல இதத் தொடு.’